கடைக்காரி பேச்சு

அக்கா செத்துப்போன பிறகு ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு டியூஷனை நான் நடத்தப் பார்த்தேன். பிரெஞ்சு டியூஷன். எனக்கு பிரெஞ்சு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. இங்கிலீஷையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். எட்டாவதோடு நின்றவள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

அப்பா ஒரு கான்வென்ட்டில் தோட்டவேலை பார்த்தார். அதனால் அக்காவுக்கு அங்கே இடம் கிடைத்தது, பிரெஞ்சும் கிடைத்தது. என் முறை வருவதற்குள் அப்பா போய்விட்டார். படிக்கிறவள் படிக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் வீட்டில் உட்கார்ந்து சேலைகளுக்கு ஃபால்ஸ் தைக்க ஆரம்பித்தேன். அக்கா தொம்மலூர் பக்கம் ஒரு சின்ன பிரைவேட் ஸ்கூலில் மூணாவதிலிருந்து ஏழாவது வரைக்கும் பிரெஞ்சு மிஸ் ஆனாள். ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வர ஆரம்பித்த நேரம் அது. பிள்ளைக்கு ஒரு வெளிநாட்டு பாஷை தெரிந்தால் நாளைக்கு ப்ளேன் ஏறிவிடும் என்று எல்லா அம்மாக்களும் நம்பினார்கள். அதனால் சாயங்காலம் எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தன.

ஒரே ரூம். வாசலில் கால் துடைக்க ஒரு மிதியடி. அதைத் தாண்டினால் தமிழ் பேசக் கூடாது, கன்னடம் கூடாது, இங்கிலீஷும் கூடாது. அக்கா புத்தகத்தைக் கடைசியில்தான் திறப்பாள். முதலில் மார்க்கெட். அம்மாவின் கூடையைக் கவிழ்த்து தக்காளி, கத்தரிக்காய், வெங்காயம் எல்லாம் பாயில் பரப்பி, என்னை அதன் பின்னால் உட்கார வைப்பாள். நான்தான் கடைக்காரி. கையில் தைக்கிற சேலை இருக்கும், ஊசியும் இருக்கும். அக்கா பிள்ளைகளோடு எதிரில் நின்று வாங்க வருவாள்.

"வூ தெசிரே?" என்பேன். என்ன வேணும் என்று அர்த்தம். அவர்கள் ஏதோ கேட்பார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு "எ அவெக் சா?" என்பேன். வேற என்ன? பிறகு விலை. அவ்வளவுதான் என் பாடம். புத்தகத்தில் பேரம் கிடையாதாம், ஆனால் அல்சூர் மார்க்கெட் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் விடுமா? மீசை அரும்பின ஏழாவது படிக்கிற ஒருத்தன் எப்போதும் கையை நீட்டிக்கொண்டு, "கொசுறு, மதாம்" என்பான். அதற்கு பிரெஞ்சில் என்ன என்று அக்காவுக்கும் தெரியவில்லை. அந்த ஒரு தமிழ் வார்த்தைக்கு மட்டும் மிதியடிக்கு இந்தப் பக்கம் அனுமதி உண்டு.

ஒரு தடவை நான் கேட்டேன், நானும் வாங்குகிறவளாக இருக்கிறேனே என்று.

"நீ கடைக்காரியா இருந்தாத்தான்டி சரியா இருக்குது. பசங்களுக்கு நிஜமாவே மார்க்கெட்டுக்கு வந்தா மாதிரி இருக்குது" என்றாள்.

நல்லதாகத்தான் சொன்னாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. இன்றைக்கும் தைக்கிறது, அவள் இல்லாததால் சண்டை போடவும் முடியவில்லை.

போகும்போது பிள்ளைகள் மிதியடியில் நின்று "அ பியாந்தோ" சொல்ல வேண்டும். சீக்கிரம் பார்க்கலாம் என்று அர்த்தம். புத்தகத்தில் வேறு வார்த்தை போட்டிருந்தது. அக்காவுக்கு அது பிடிக்காது. நம் வீட்டில் போறேன் என்று சொல்வோமா, வரேன் என்றுதானே சொல்வோம், அதே மாதிரி இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். வாங்க வந்தவர் முதலில் சொல்ல வேண்டும், பிறகு கடைக்காரி சொல்ல வேண்டும். பிள்ளைகள் வரிசையாகச் சொல்லச் சொல்ல, நானும் ஊசியை விட்டுத் தலை தூக்காமல் ஒவ்வொருத்தருக்கும் சொல்வேன்.

அதற்கும் சண்டை வந்தது. வேறு ஸ்கூலில் நாலாவது படிக்கிற ஒரு குட்டிப் பெண், டியூஷனிலேயே நன்றாகப் பேசுகிறவள். அவள் பரீட்சையில் இதை எழுதி மார்க் போய்விட்டது. அவள் அம்மா பேப்பரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"புக்குல ஒண்ணு இருக்குது, நீங்க ஒண்ணு சொல்லித் தர்றீங்க. சும்னே தக்காளி வெச்சி வெளையாட்டு காட்டிட்டிருந்தா எப்படி மிஸ்?"

பெண் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் பாருங்கள் என்றாள் அக்கா.

"பேசி? யார்கிட்ட பேசப் போறா? கறிகாய்க்காரன்கிட்டயா?"

அவள் போன பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஸ்கூலிலும் இதே கதைதான். பாடத்தை முடி, கேள்வி பதிலை போர்டில் எழுதிப் போடு, பிள்ளைகள் வாயைத் திறந்தால் பக்கத்து கிளாஸுக்குத் தொந்தரவு. வாயைத் திறக்காமல் என்ன பாஷை என்று என்னிடம் கேட்டாள். எனக்கென்ன தெரியும்? நான் நூல் கோர்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வந்தது உடம்பைத்தான்.

அடுத்த நாள் டியூஷன் பிள்ளைகள் அம்மாக்களோடு துக்கம் கேட்க வந்தன. சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று கூப்பிட மாட்டோம். வந்தவர்களும் கிளம்பும்போது வரேன் என்று சொல்ல மாட்டார்கள். பேசாமல் எழுந்து போவார்கள், திரும்பியும் பார்க்க மாட்டார்கள். அம்மாக்கள் அப்படித்தான் எழுந்தார்கள். பிள்ளைகள் மிதியடிக்கு வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. அந்தக் குட்டிப் பெண்தான் முதலில் சொன்னாள். "அ பியாந்தோ." பின்னால் எல்லாம் சேர்ந்து சொன்னது, பாட்டு மாதிரி.

ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மிஸ்ஸுக்கு ப்ரேயர் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். என்னடி சொல்கிறார்கள் என்று என் அம்மா கேட்டாள். பாடம்மா என்றேன். எந்த வீட்டில் எதைச் சொல்லக் கூடாதோ அதையே சொல்லிவிட்டுப் போகின்றன. பதிலுக்கு நான் சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. ஆனால் ராத்திரி முழுக்க அதே சத்தம்தான் காதில். சீக்கிரம் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா, அப்படியானால் வரட்டும் என்று நினைத்தேன். டியூஷன் நின்றால் இந்த ரூமில் அக்கா நின்ற இடம் வெறும் தரை ஆகிவிடும். அது ஆகக் கூடாது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

கருமாதி முடிந்ததும் கதவைத் திறந்து மிதியடியை உதறிப் போட்டேன். பாதிப் பேருக்கு மேல் வந்தார்கள். வேறு இடம் கிடைக்கிற வரைக்கும் என்றுதான் அம்மாக்கள் அனுப்பியிருப்பார்கள், எனக்கு அப்போது புரியவில்லை. காய்களைப் பரப்பி, பழக்கத்தில் பாயின் பின்னாலேயே உட்கார்ந்தேன். எதிரில் பிள்ளைகள் நின்றன. அக்கா நிற்கிற இடத்தை விட்டு நின்றன.

"வூ தெசிரே?"

வாங்கினார்கள். கொசுறு கேட்டார்கள். முதல் சில நாள் நன்றாகவே போனது. நடத்திவிடலாம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

பிறகு பிள்ளைகள் தப்பாகப் பேச ஆரம்பித்தன. தப்பு என்று காதுக்குத் தெரியும், சரி எது என்று சொல்ல வராது. எத்தனை சாயங்காலம் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன்! என் முறை எப்போது வரும் என்றே காத்திருந்ததில், வாங்குகிறவர் பேச்சு ஒன்றுமே எனக்குள் நிற்கவில்லை. கடைக்காரியின் பாதி மட்டும் இருந்தது. மறுபாதியை அக்கா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். குட்டிப் பெண்ணைக் கேட்டால் ஒரு மாதிரி சொல்வாள், ஏழாவது பையனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான், பிறகு ரெண்டும் அடித்துக்கொள்ளும், தமிழிலேயே. மிதியடி சட்டமெல்லாம் போயே போய்விட்டது.

ஸ்கூலில் அக்கா இடத்துக்கு வந்தவர் போஸ்ட் ஆபீஸ் பாடம் ஆரம்பித்திருந்தார். ஏழாவது பையன் புத்தகத்தை என் முன்னால் விரித்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டான். எழுத்து எல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான், தலையில் கொம்பு முளைத்த மாதிரி கோடுகள். முதலில் தக்காளி வாங்கு, பிறகு பார்க்கலாம் என்றேன்.

"டெய்லி தக்காளியேவா? பேஜாராகுதுக்கா" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். அவன் மேல் தப்பில்லை. பரீட்சை அவனுக்கு, எனக்கில்லை. ஆனால் கோபம் தாங்கவில்லை. அவன் மேல் இல்லை, செத்துப்போனவள் மேல். என்னைப் பொம்மை மாதிரி உட்கார வைத்துக் காரியம் பார்த்தாளே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் எதிர்ப்பக்கம் நிறுத்தியிருக்கக் கூடாதா? பிள்ளைகளுக்கு வாய் வேண்டும் வாய் வேண்டும் என்று அலைந்தவளுக்கு, பக்கத்தில் இருந்த என் வாய் கண்ணில் படவே இல்லை.

அல்சூரில் ஒரு சார் இருந்தார். கைடு வைத்துக்கொண்டு கேள்வி பதிலை அப்படியே மனப்பாடம் பண்ண வைப்பார், அங்கே ஒரு பிள்ளை வாய் திறந்து பேசாது, மார்க் மட்டும் வரும். ஒவ்வொருத்தராக அங்கே போனார்கள். ஏழாவது பையன் போனான். கொசுறு கேட்க ஆள் இல்லை. கடைசியில் குட்டிப் பெண் மட்டும்தான். ஒரு வாடிக்கையாளரை வைத்து எவ்வளவு நேரம் கடை நடத்துவது? அவளுக்கும் எனக்கும் தெரிந்ததெல்லாம் சீக்கிரமே தீர்ந்துவிடும். மிச்ச நேரம் அவள் வெங்காயத்தை உருட்டிக்கொண்டிருப்பாள், நான் தைப்பேன்.

ஒரு நாள் அவள் அம்மா நடுவிலேயே வந்தாள். வாசலுக்கு வெளியே நின்று, தப்பாக நினைக்காதே, பரீட்சை கிட்டே வந்துவிட்டது, இன்றிலிருந்து சாரிடம் விடுகிறோம் என்றாள். நான் தலையாட்டினேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அன்னிக்கி இதுங்க சொல்லிட்டுப் போச்சே, அது ப்ரேயர் இல்லையாமே? நேத்துதான் கேட்டேன், பரீட்சையில மார்க் போச்சே, அதேதானாம். சாவு வீட்ல போயி, அதை யாராச்சும் சொல்லுவாங்களா? அப்பவே தெரிஞ்சிருந்தா வாயிலயே போட்டிருப்பேன். மனசுல வெச்சிக்காதம்மா."

மனதில் வைத்துக்கொள்ளாமல் எங்கே வைப்பது? எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான் என்று இவளிடம் எப்படிச் சொல்வது? பரவாயில்லைங்க என்று மட்டும் சொன்னேன்.

குட்டிப் பெண் பையை மாட்டிக்கொண்டு மிதியடிக்கு வந்தாள். கால் நின்றது. என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். உதடு திறந்து மூடிக்கொண்டது. வீட்டில் நன்றாகச் சொல்லி வைத்திருப்பார்கள். செருப்புக்குள் ஒரு காலை நுழைத்தாள்.

நான் பதிலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னால்தானே நான் சொல்ல முடியும்? இன்னொரு காலும் செருப்புக்குள் போய்விட்டது.

"அ பியாந்தோ" என்றேன்.

அவள் சட்டென்று திரும்பினாள். மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"தப்பு தப்பு. கடைக்காரி ஃபர்ஸ்ட் சொல்லக் கூடாதுக்கா. மிஸ் திட்டுவாங்க."

அவள் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சந்து முனை திரும்புகிற வரைக்கும் அந்தப் பிள்ளை அவளிடம் எதையோ விளக்கிக்கொண்டே போனது. யார் முதலில் சொல்ல வேண்டும், யார் பிறகு சொல்ல வேண்டும் என்பதாகத்தான் இருக்கும்.

உருண்டு கிடந்த வெங்காயத்தை எல்லாம் பொறுக்கிக் கூடையில் போட்டேன். அம்மாவுக்கு ராத்திரி குழம்புக்கு வேண்டும்.