ஜிப் அக்காவின் கட்டுப்போட்ட கை

பை தைக்கும் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக ஜிப் வைத்துத் தைப்பவளுக்கு ஜிப் அக்கா என்றே பேர் நிலைத்துவிட்டது. மணிக்கட்டு முறிந்து மூன்று வாரமாக வீட்டில் கிடந்தாள். சம்பளம் தவறாமல் வந்தது, கூடவே முதலாளியின் புலம்பலும் போனில் வந்தது.

"உனக்கும் சம்பளம், உன் இடத்துல உக்காந்தவளுக்கும் சம்பளம். வேலையை விட்டு அனுப்பணும்னா பன்னெண்டு வருஷத்துக்கு இழப்பீடு கொடுக்கணும். எதிர்ப் பட்டறையில எல்லாரும் தினக்கூலி, அதான் அவன் விலையைக் குறைச்சு சொல்றான். இந்த ஸ்கூல் பை ஆர்டரும் போச்சுன்னா, ஆளைக் குறைக்கத்தாம்மா வேணும்."

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆர்டர்காரர் வரும் அன்று கட்டுப்போட்ட கையோடு போய் நின்றாள். அவள் இடத்தில் உட்கார்ந்திருந்த புதியவள், ஆர்டர்காரருக்குக் காட்ட வேண்டிய சாம்பிள் பையின் மூலையில் ஜிப்பை விறைப்பாக இழுத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அடியே, விடு விடு! மூலையில கொஞ்சம் தளர விட்டாதான் சிக்காம ஓடும்!"

புதியவள் பிரித்து, தளர விட்டுத் தைத்து முடித்தாள். ஆர்டர்காரர் ஜிப்பை இருபது தரம் இழுத்துப் பார்த்தார். வழுக்கிக்கொண்டு ஓடியது. எதிர்ப் பட்டறைக்காரன் தந்திருந்த பையோ மூலையிலேயே மக்கர் பண்ணியது.

"விலை கூடன்னாலும் இதுதான்," என்றார்.

பட்டறையே விசிலடித்தது. முதலாளி துள்ளினார். "நாளைக்கே மெஷின்ல உக்காரும்மா!"

"டாக்டர் இன்னும் மூணு வாரம்னாரே, முதலாளி."

"சரி, கைக்கு லீவு. சம்பளம் உண்டு. வாய்க்கு மட்டும் லீவு கிடையாது, போன்லயாவது அந்தப் புதுப்பொண்ணைத் திட்டு!"