அம்மாவை நூதனசாலைக்குக் கூட்டிப்போன ஞாயிறு

பயிற்சிக்காகக் கொழும்பில் இருந்த அந்த ஒரு வருடத்தில், ஞாயிற்றுக்கிழமைகளை நான் யாருக்கும் கொடுத்ததில்லை. வெள்ளவத்தையில் வாடகை அறை. காலை எட்டு மணிக்குள் முழுகி, சப்பாத்துப் போட்டு, தண்ணீர்ப் போத்தலோடு இறங்கிவிடுவேன். ஒரு ஞாயிறு மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகள். இன்னொரு ஞாயிறு கடலோர ரயிலில் தெற்கே காலி நகரம் வரைக்கும் போய், கோட்டை மதிலில் நடந்து, பின்னேர ரயிலில் திரும்புவேன். நூதனசாலை என்கிற அருங்காட்சியகத்துக்கு மட்டும் நாலு தரம் போயிருப்பேன். வழி கேட்கவும் விலை பேசவும் போதுமான சிங்களம் வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தனியே ஒரு நகரத்தைப் பழகிக்கொண்ட முதல் ஆளும் நான்தான். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வாராவாரம் ஊருக்கு, திருகோணமலைப் பாலையூற்றுக்குத் தொலைபேசி எடுத்து, பார்த்ததையெல்லாம் அம்மாவுக்குச் சொல்வேன். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார்.

"நான் வந்தால் உன்னோட கூட்டிக்கொண்டு போவியே? நீ பாக்கிறதையெல்லாம் உன்னோட நிண்டு பாக்கோணும் போல கிடக்கு."

"ஓம், வாங்கோவன்," என்றேன். சொன்ன உடனேயே, என் ஞாயிறு போகிறதே என்ற எண்ணமும் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமைப் பேருந்தில் வந்து இறங்கினார். இரண்டு கிழமை நிற்பதாகத் திட்டம். முதல் ஞாயிறு நூதனசாலை, அடுத்த ஞாயிறு காலி ரயில்.

அன்று காலை நான் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது அம்மா வீட்டுக்காரரின் முற்றத்தில் நந்தியாவட்டைப் பூப் பறித்து தன் லேஞ்சித் துண்டில் முடிந்துகொண்டிருந்தார். எதற்கென்று நான் கேட்கவில்லை. நூதனசாலையில் பழைய சிவனும் அம்மனும் இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னது நான்தான். அதற்கு அம்மா என்ன விளங்கிக்கொண்டிருப்பார் என்று அப்போது யோசிக்கவில்லை.

வாசல் படியில் செருப்பைக் கழற்றினார்.

"அம்மா, கழட்டாதேங்கோ. எல்லாரும் போட்டுக்கொண்டுதான் போகினம்."

"உள்ளுக்கை சாமியெல்லோ நிக்கிது," என்று சொல்லி, செருப்பைப் பையில் வைத்து இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

கண்டி அரசனின் சிம்மாசனத்தை ஒருதரம் பார்த்துவிட்டு நகர்ந்தார். கற்சிற்பங்களிடம் நிற்கவேயில்லை. வெண்கலச் சிலைகள் இருந்த அறைக்கு வந்ததும் நின்றார். நான் பக்கத்தில் இருந்த குறிப்பை வாசிக்கத் தொடங்கினேன். எந்த ஊர், எந்த நூற்றாண்டு என்று. அம்மா இடையில் சொன்னார்.

"எங்கட கோணேசர் கோயில் சாமியளும் இப்பிடித்தான். கிணறு வெட்டேக்கை மண்ணுக்குள்ள இருந்து வந்தவை எண்டு சொல்லுவினம். இவையும் மண்ணுக்குள்ள கிடந்தவையோ?"

குறிப்பில் அது இல்லை. எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனமில்லாமல், "பொறுங்கோ, வாசிச்சு முடிக்கிறன்," என்றேன். நிமிர்ந்தபோது அம்மா லேஞ்சியை அவிழ்த்து, கண்ணாடிப் பெட்டியின் அடி விளிம்பில் பூக்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். வைத்து முடித்ததும் கண்ணை மூடிக் கும்பிட்டார்.

எங்களுக்குப் பின்னால் என் வயதுப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி மற்றவளைப் பார்த்துச் சிரித்தாள். கெட்ட சிரிப்பு என்று இன்று என்னால் சொல்ல முடியாது. அன்று எனக்கு முகம் எரிந்தது.

"அம்மா, இது கோயில் இல்லை. ஆக்கள் பாக்கினம்."

காவலாளி வந்தார். வயதான மனிதர். அம்மாவிடம் ஏதோ மெல்லச் சொல்லிவிட்டு, பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, உங்கள் அம்மாவா என்று சிங்களத்தில் கேட்டார். கேள்வி எனக்குத் தெளிவாக விளங்கியது. விளங்காதவள் போல் அடுத்த அறைக்குள் போய், ஒரு பழைய வரைபடத்துக்கு முன்னால் முதுகு காட்டி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அம்மா வெறுங்காலோடு வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

வெளியே வந்ததும் மரநிழலில் ஒரு வாங்கில் அவரை இருத்தினேன். "பக்கத்திலை ஒரு புத்தகக்கடை இருக்கு. அரை மணித்தியாலத்திலை வந்திடுவன்."

"ஓம், நீ போட்டு வா. நான் இதிலை இருக்கிறன்."

கடை குளிராக இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒரு புத்தகத்தை எடுத்து நின்றபடியே அறுபது பக்கம் வாசித்தேன். நேரம் போனது தெரியாது என்று சொன்னால் பொய். தெரிந்துதான் நின்றேன். திரும்பி வந்தபோது இரண்டரை மணித்தியாலம் கடந்திருந்தது. வெயில் அந்த வாங்குக்கு வந்துவிட்டது. அம்மா இடம் மாறவில்லை. மாறினால் எனக்குத் தேடக் கஷ்டம் என்று நினைத்திருக்கிறார்.

"புத்தகம் கிடைச்சதே?" என்று மட்டும் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை ஊருக்கு வெளிக்கிட்டார். அப்பா சீனன்குடாவில் வேலை முடிந்து வந்து தானே சமைக்கிறாராம், பாவமாம். காலி ரயில் பற்றி நான் கதைத்தபோது, "நீ தனியப் போ பிள்ளை. தனியப் போனாத்தான் உனக்கு வடிவாப் பாக்கலாம்," என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை பிடிபடவில்லை.

அந்த ஞாயிறு காலிக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் யாரோ ஒருவர் தூங்கி வழிந்தார். கடல் வந்தது, போனது.

இப்போது திருகோணமலையிலேயே, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை. வருகிற லீவுக்குக் கொழும்புக்குப் போவோமா என்று அம்மாவிடம் மூன்று தரம் கேட்டுவிட்டேன். கால் நோகுது என்பார். வெயில் ஏலாது என்பார்.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டு மாமி குசினியில் அம்மாவோடு இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் அறைக்குள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"உன்ர மகள் படிச்சு என்ன? கொழும்புக்குப் போய் நாலு நாளிலை ஓடி வந்தனீ. ஒண்டும் காட்டேல்லைப் போல," என்றார் மாமி.

"ஆர் சொன்னது? நூதனசாலை முழுக்கக் கையைப் பிடிச்சுக்கொண்டு காட்டினவள். ஒவ்வொரு சாமிக்கும் முன்னால நிண்டு விளங்கப்படுத்தினவள்."

"அப்பிடி என்ன விளங்கப்படுத்தினவள்?"

மீன் செதில் உரசும் சத்தம் கேட்டது.

"அது பெரிய கதையக்கா. உங்களுக்கு விளங்காது," என்றார் அம்மா.

மாமி சிரித்தார். அம்மாவும் சேர்ந்து சிரித்தார். குசினிக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சீலைதான் தொங்கியது. அதை விலக்கிக்கொண்டு அவர்களுக்கு முன்னால் போய் நிற்க என்னால் முடியவில்லை.