அனைவரும் வருக என்று எழுதியவள்

நெல்ஃபா சொரொங்கோன் எழுதிய நோட்டீஸ் ஒட்டாத சுவர் அந்த ஊரில் கிடையாது. பிலிப்பைன்ஸ் நாட்டுப் பனாய் தீவின் கடலோரத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் பதினொரு வருடமாக அவளுக்கு அதுதான் வேலை. வருகிற வாரம் என்னென்ன நடக்கப்போகிறது என்று பட்டியல் போடுவாள். திங்கள் பவளப்பாறை பற்றிப் பேச்சு, புதன் கூடைப்பந்து, வெள்ளி மாணவர் நாடகம். மீன் சந்தையிலும் தேவாலய வாசலிலும் ஜீப்னி வண்டி நிலையத்திலும் தானே போய் ஒட்டிவிட்டு வருவாள். எந்த நிகழ்ச்சியானாலும் கடைசி வரி மட்டும் மாறாது: ஊர் மக்கள் அனைவரும் வருக. அந்த வரியை நம்பி ஊர்க்காரர் ஒருவரும் வந்ததில்லை. அதற்காக அவள் தூக்கத்தைத் தொலைத்ததும் இல்லை. எழுதுவதோடு அவள் கடமை முடிந்தது.

இந்த வருடம் டீனுக்குத் திடீரென்று ஊர்மேல் பாசம் பொங்கிவிட்டது. தரம் பார்க்க வெளியிலிருந்து குழு வருகிறதாம், மாணவர்களின் பாட்டுக் கச்சேரியில் ஊர்க்காரர்கள் முகம் தெரிந்தாக வேண்டுமாம். அதை என் பொறுப்பில் விடுங்கள் என்றாள் நெல்ஃபா. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மீனவர் குடியிருப்புதான் அவள் பிறந்த இடம். அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. கேட்டால் 'டவுன் பக்கம்' என்று மழுப்பிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா லுமிங்கின் வீட்டுக்குப் போனாள். லுமிங் மீன் காயவைத்து விற்பவள், அந்தக் கரையில் அவளைப்போல் பாடவும் ஆளில்லை. கச்சேரியில் அத்தனையும் தங்கள் இலோங்கோ மொழியின் பழைய பாட்டு என்று கேட்டதும் முகம் மலர்ந்துபோயிற்று. இருவருமாக வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். முன்வரிசை முழுக்க உங்களுக்குத்தான் என்று நெல்ஃபா வாக்குக் கொடுத்தாள். இருபத்து மூன்று பேர் வருவதாகச் சொன்னார்கள்.

சொன்னபடி வெள்ளி மாலை நான்கு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். ஆண்கள் எண்ணெய் தடவிப் படிய வாரியிருந்தார்கள், பெண்கள் தேவாலயத்துக்குப் போகும் கவுனைப் போட்டிருந்தார்கள். காலில் மட்டும் எல்லோருக்கும் ரப்பர் செருப்பு. அதிலும் பலர் இதற்கென்றே புதிதாக வாங்கியது. மணலில் பிழைப்பவர்களுக்கு வேறு எதற்கு?

காவலாளி ரோமில் கேட்டை மறித்துப் பலகையைக் காட்டினான். ரப்பர் செருப்பு, கையில்லாத பனியன் அனுமதி இல்லை. நெல்ஃபாவுக்கு இது தெரியாதா? படிக்கிற காலத்தில் நான்கு வருடம் ஷூவைப் பையில் கொண்டுவந்து, இதே கேட்டுக்கு வெளியே கொய்யா மரத்துக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டவள். அதை அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. ஷூ போட்டுப் பழகிய கால் அத்தனை சீக்கிரம் மறந்துவிடுகிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் டீனோடும் குழுவினரோடும் கேட்டுப் பக்கம் வந்தாள்.

"மேடம், இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டான் ரோமில். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா உள்ள விட்டுடறேன்."

டீன் திரும்பிப் பார்த்தார். குழுவில் இருந்த அம்மாள் அந்தக் கால்களைப் பார்த்துவிட்டு நெல்ஃபாவைப் பார்த்தாள். ஆமாம் என்றால் எப்படித் தெரியும் என்பார்கள். அக்கா என்று சொல்ல வேண்டியிருக்கும்.

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்தானே ரோமில்" என்றாள்.

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே கூசியது. கூட்டத்திலிருந்து இன்டோங் மாமா, "ஏ, இது நம்ம நெல்ஃ..." என்று ஆரம்பித்தார். லுமிங் அவர் கையை அழுத்திப் பிடித்தாள்.

"இந்த அம்மாவை எங்களுக்குத் தெரியாதுப்பா" என்று ரோமிலிடம் சொன்னாள். "சந்தையில நோட்டீஸ் பார்த்தோம், வந்தோம். அவ்வளவுதான்."

அவர்கள் திரும்பி நடந்தார்கள். முன்வரிசையில் கூடைப்பந்துப் பையன்களைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கச்சேரி அமோகம் என்று குழு எழுதிவிட்டுப் போனது. நெல்ஃபா அங்கேதான் இருந்தாள், ஒரு பாட்டும் காதில் ஏறவில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை அக்கரைக்குப் போனாள். அக்கா நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்றிருந்தது. லுமிங்கோ சோறு போட்டு, மீனை அவள் பக்கமாகத் தள்ளிவைத்தாள். நெல்ஃபா தட்டைத் தொடாமல் அழுதாள்.

"இதுக்குப் போய் ஏன்டி அழற? தப்பு எங்க மேலதான். பெரிய இடத்துக்கு அப்படியா வந்து நிக்கிறது? அடுத்த வாட்டி முன்னாடியே சொல்லிடு, ஷூ இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு வர்றோம். எங்களால உனக்கு அங்க தலைகுனிவு வந்துடக் கூடாது பாரு."

இன்டோங் மாமா தன் மருமகனிடம் இப்போதே கேட்டு வைத்துவிட்டாராம். அவன் ஷூ இரண்டு அளவு சின்னதாம், பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன் என்றாராம்.