அத்தை மணிக்கட்டில் இருந்த சூடு

என் அத்தையின் இடது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே, காராமணி அளவில் ஒரு தழும்பு இருந்தது. ஏழு வயதில் மஞ்சள் காமாலை வந்தபோது, மரக்காணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் குப்பத்தில், காய்ச்சிய ஊசியால் அவளுக்கு வைத்த சூடு அது. நாடி பார்க்க விரல் வைக்கும் இடமும் அதுதான். கண்ணை மூடிக்கொண்டாலும் என் விரல் வழவழப்பான அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடும். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட நான் ஒழுங்காகப் படித்தது அந்த ஒரு நாடியைத்தான்.

அப்பாவுக்கு அக்கா அவள். என்னை வளர்த்தவள். விடிந்ததும் என் லோடு ஆட்டோவில் மீனை ஏற்றிக்கொண்டு இருவரும் திண்டிவனம் போவோம். நான் தெருமுனையில் வண்டியை நிறுத்துவேன். இடுப்பில் அன்னக்கூடையோடு அவள் ஒரு கூவல் கூவினால் கடைசி வீட்டில் பாத்திரத்தோடு ஆள் வெளியே வந்து நிற்கும். அப்படிப்பட்டவளுக்குக் கால் வீங்கியது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து கிடந்தாள். விழுப்புரத்தில் பார்த்த டாக்டரம்மா, இதயம் பலவீனமாகிவிட்டது, அதன் மேலறைகள் வேறு தாளம் தப்பி நடுங்குகின்றன, அந்த நடுக்கம் இதயத்தை இன்னும் களைக்க வைக்கிறது என்று சொன்னார். மாத்திரை எழுதினார். எனக்கு நாடி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். தினமும் பார்த்தேன். ஒன்று, இரண்டு, அப்புறம் ஒன்றுமே இருக்காது. அப்புறம் மூன்றும் நாலும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும்.

மாத்திரைக்கு அது அடங்கவில்லை. அடுத்த முறை போனபோது டாக்டரம்மா சொன்னார்: "தொடை நரம்பு வழியா மெல்லிசா ஒரு ஒயரை உள்ள அனுப்பி, தப்பா கரண்டு கெளம்புற எடத்தைச் சுத்தி சின்னச் சின்னதா சூடு வைப்பாங்கம்மா. சென்னையில செய்யறாங்க."

சூடு என்ற சொல் காதில் விழுந்ததும் அத்தை எழுந்துவிட்டாள். "வாடா, போவலாம்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே பேசினாள். "அன்னிக்கு நாலு பேரு என்னை அமுக்கிக்கினாங்க. கத்தாதன்னு வாயப் பொத்தினாங்க. இப்ப நெஞ்சுலயே வைக்கணுமாம். அமுக்க நீ வரியா?"

"நான் ஏன்த்தே உன்னை அமுக்கறேன்?"

"அப்ப சும்மா வா."

சும்மா வந்தேன். மறுபடி மீன் விற்கப் போனோம். ஒரு நாள் காலை, வழக்கமாகச் சங்கரா மீன் வாங்கும் வீட்டுப் படியில் நின்று அத்தை கூவினாள். காற்றுதான் வந்தது. உள்ளே அந்த வீட்டுக்கார அக்கா யாரிடமோ சொல்வது தெளிவாகக் கேட்டது: "மீன்காரம்மா இன்னிக்கும் வரல போலருக்கு." அத்தை அந்த வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். கூடையை மெல்ல இறக்கி வைத்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள், "அந்த டாக்டரம்மா நம்பரு வச்சிருக்கியா?"

போனில் அவள் கேட்ட முதல் கேள்வி, "என்னை யாரு புடிச்சிக்குவாங்க?"

டாக்டரம்மா, "யாரும் புடிக்க மாட்டாங்கம்மா. மருந்து குடுத்துடுவாங்க. எந்த எடம்னு மெஷின்ல பாத்துட்டுத்தான் வைப்பாங்க. ஆனா ஒரே தடவையில சரியாயிடும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. இதயம் பலவீனமாத்தான் இருக்கும். மாத்திரையும் நிறுத்தக் கூடாது" என்றார்.

"கூவ முடியுமா?"

"அதுக்குத்தாம்மா செய்யச் சொல்றேன்."

சென்னையில் செய்து முடித்த மறுநாள் காலை, தழும்பின் மேல் விரலை வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. விட்டுப் போகும் என்று நான் காத்திருந்த இடத்தில் நாலு வந்து நின்றது. ஐந்தும் வந்தது. ஐம்பது வரை எண்ணினேன், நம்பிக்கை வராமல் மறுபடியும் முதலிலிருந்து எண்ணினேன். என் நெஞ்சுதான் அப்போது தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாடா மூஞ்சி இப்டி ஆவுது? செத்துட்டனா?"

"ஒழுங்கா அடிக்குதுத்தே."

"ஒழுங்குன்னா?"

கட்டில் கம்பியில் விரலால் தட்டிக் காட்டினேன். டக், டக், டக். அவளும் கூடவே தட்ட ஆரம்பித்தாள். நர்ஸ் வந்து திட்டும்வரை இரண்டு பேரும் தட்டினோம்.

கால் வீக்கம் வற்றியது. தலையணை ஒன்றாகக் குறைந்தது. இரண்டு மாதம் பொறுத்து மறுபடி திண்டிவனம் போனோம். வண்டியிலிருந்து இறங்கியவள் முந்தானையை இழுத்துச் செருகினாள், தலையை நிமிர்த்தினாள். "சங்கரா, வஞ்சிரம், காரப்பொடியேய்..." அந்தக் கடைசி எழுத்து தெருக்கோடி வரை போய்த் திரும்பியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சங்கரா வீட்டு அக்கா தலையில் சுற்றிய துண்டோடு ஓடி வந்தாள்.

"இன்னா மீன்காரம்மா, இத்தினி நாளு எங்க போய்ட்ட? கருவாடு துன்னே நாக்கு செத்துப்போச்சு."

"நெஞ்சுல சூடு வச்சிக்கினு வந்தேன். மீனை எடு, பேச்சை அப்புறம் பேசு."

இரண்டு மழைக்காலம் அப்படிக் கூவினாள். போன ஐப்பசியில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. டாக்டரம்மா முன்பே பலவீனம் என்று சொன்ன அந்த இதயம் அதைத் தாங்கவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது என் விரல் பழக்கத்தில் தழும்புக்குப் போய்விட்டது. வெகு நேரம் விரலை எடுக்கவில்லை.

இப்போது கூடை என் தோளில். தெருவில் இறங்குமுன் என் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்ப்பேன். அங்கே தழும்பு இல்லை, இடம் தெரியாமல் ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருக்கிறது. கிடைத்ததும் அவளைப் போலவே கடைசி எழுத்தை இழுத்துக் கூவுகிறேன். நேற்று சங்கரா வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "மீன்காரம்மா வந்துட்டாங்க, பாத்திரத்தை எடு."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றேன்.