அடியில் பெயரில்லாத கிண்ணங்கள்

மிட்சுயோ ஒரு கோப்பைத் தேநீரை முழுதாகக் குடித்து முடித்ததை நான் முதல் இரண்டு வருடத்தில் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. பாதி குடிப்பார், எழும்புவார், மண்பாத்திரம் வனையும் சக்கரத்தை ஒரு முழம் யன்னல் பக்கம் தள்ளுவார், திரும்பவும் சுவர்ப் பக்கம் இழுப்பார். பிறகு மேலங்கியை மாட்டிக்கொண்டு ரைன் ஆறு வரைக்கும் நடந்துவிட்டு வருவார். தேநீர் ஆறிப்போய்க் கிடக்கும். அதை ஊற்றிவிட்டுக் கோப்பையைக் கழுவுவது என் வேலை. தேநீர்க் கிண்ணம் செய்தே வாழ்கிற மனுசிக்குத் தேநீர் குடிக்கப் பொறுமை இல்லையே என்று வாய்க்குள் முணுமுணுப்பேன்.

1986 வசந்தத்தில் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். சுவிஸில் ஷாஃப்ஹவுசன் நகரத்தில் இருந்து பஸ்ஸில் இருபது நிமிடம். ஒரு கிராமத்தில் முன்பு பால் சேகரித்த கட்டடம்தான் அவருடைய பட்டறை. அவருக்கு நாற்பத்தேழு வயது, எனக்கு முப்பத்துநாலு. நான் மன்னார்க்காரி, பெயர் செசீலியா. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, தலைநகர் பேர்ணில் இருந்து முடிவு வந்ததா என்று தபால் பெட்டியைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்த காலம் அது. மிட்சுயோ எனக்குத் தந்த வேலை களிமண் பிசைவது. உள்ளே காற்று இருந்தால் கிண்ணம் சூளையில் வெடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு உருண்டையையும் நூறு தரம் அமுக்கித் திருப்ப வேண்டும். அந்த வேலை எனக்கு உடனே பிடித்துப்போனது. என்னிடம் இருந்த கோபத்தையும் எதிலாவது அமுக்கத்தானே வேண்டும்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை டொச் என்கிற ஜேர்மன் பாஷை மட்டும்தான். அவர் சொன்னதை இங்கே என் தமிழில் சொல்கிறேன். அவர் வாயில் அது இதைவிடக் கட்டையாகத்தான் வந்தது.

அவருடைய கிண்ணங்களின் அடியில் பெயர் இருக்காது. முத்திரை, கீறல், ஒரு புள்ளிகூட இருக்காது. சூரிச்சில் காட்சிக்கூடம் வைத்திருந்த திருமதி ஸ்டூக்கி என்பவர் மாதம் ஒரு தரம் வந்து இதற்காகவே சண்டை பிடித்துவிட்டுப் போவார். பெயர் போட்டால் அடுத்த வசந்தத்திலேயே தனிக் கண்காட்சி, போடாவிட்டால் இல்லை என்பது அவருடைய பேச்சு. மிட்சுயோ தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, ஸ்டூக்கியின் கார் திரும்பியதும் ஆற்றுப் பக்கம் நடக்கத் தொடங்குவார்.

“ஒரு பெயர் எழுத உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“என்ரை கைக்கு வேறை ஒரு பெயர்தான் எழுதத் தெரியும், செசீலியா” என்றார்.

அந்தக் கதையை அவர் ஒரே இருப்பில் சொல்லவில்லை. இருந்தால்தானே சொல்ல. அலமாரிக்கும் சூளைக்கும் இடையில் நடந்தபடி, இன்று கொஞ்சம் அடுத்த கிழமை கொஞ்சமாகச் சொன்னார்.

மேற்கு ஜப்பானில் ஒரு மலையடிவார ஊர். அங்கே அவர்களுடைய குடும்பத்துக்கு எட்டுத் தலைமுறையாக ஒரே பெயர், கென்பெய். தகப்பன் இறந்தால் அல்லது ஒதுங்கினால் மூத்த மகன் தன் பெயரை விட்டுவிட்டு அந்தப் பெயரை எடுத்துக்கொள்வான். மிட்சுயோவின் தகப்பன் எட்டாவது கென்பெய். மிட்சுயோவுக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது தகப்பனுக்குக் கை நடுங்கத் தொடங்கியது. வெளியில் தெரிந்தால் வீட்டின் மானம் போய்விடும். தம்பிக்கு அப்போது பதினொரு வயது. ஆகவே பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு மகளைச் சக்கரத்தில் இருத்தினார்கள்.

பன்னிரண்டு வருடம் அவர் கிண்ணம் செய்தார். அடியில் தகப்பனின் முத்திரை விழுந்தது. அந்த நாட்டில் நல்ல கிண்ணத்தை மரப்பெட்டியில் வைத்துத்தான் கொடுப்பார்கள், பெட்டியின் மூடியில் செய்தவர் தன் கையால் பெயர் எழுத வேண்டும். நடுங்கும் கையால் எழுத முடியுமா? அதையும் மிட்சுயோவே எழுதினார். ஒரு கலைச் சஞ்சிகையில் எட்டாவது கென்பெய்யின் முதுமைக்காலப் பாணியைப் பற்றி ஆறு பக்கக் கட்டுரை வந்ததாம். சாவை நெருங்கியவனுக்கு மட்டுமே வரக்கூடிய நிதானம் என்று எழுதியிருந்தார்களாம்.

“எனக்கு அப்ப இருபத்தாறு வயசு” என்றார் மிட்சுயோ. அன்று நாங்கள் இரண்டு பேரும் களிமண் கையோடு நின்று சிரித்தோம். சிரித்து முடிந்ததும் அவர் மேலங்கியைத் தேடினார்.

முப்பத்தொரு வயதில், இயந்திரம் பூட்ட வந்த ஒரு சுவிஸ் பொறியியலாளரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். ஏழு வருடத்தில் அந்த மனுசன் வேறொருத்தியோடு பாசல் நகரத்துக்குப் போய்விட்டான். போனவன் விட்டுப்போனது குடும்பப் பெயரை மட்டும். வங்கியிலும் அரசாங்கக் கந்தோரிலும் மிட்சுயோ அந்தப் பெயரைத்தான் லத்தீன் எழுத்தில் கிறுக்கிக் கொடுப்பார்.

1987 ஒக்டோபரில் தகப்பன் இறந்த செய்தி வந்தது. மிட்சுயோ அழுததை நான் காணவில்லை. அந்தக் கிழமை மூன்று தரம் சக்கரத்தை இடம் மாற்றினார், அவ்வளவுதான். நவம்பரில் ஷாஃப்ஹவுசன் புகையிரத நிலையத்துச் சுங்கத்தில் இருந்து அழைப்பு வந்தது. ஜப்பானில் இருந்து பெரிய பொதி. சுங்க உத்தியோகத்தர் அதைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். உள்ளே நாற்பது சிறு மரப்பெட்டிகள், நாற்பதும் வெறும் பெட்டிகள்.

“இதற்குள் ஒன்றுமில்லையே” என்றார் அவர்.

“ஒன்றுமில்லை” என்றார் மிட்சுயோ. உத்தியோகத்தர் படிவத்தில் அப்படியே எழுதினார்.

நான்கு பெட்டிகளைச் சேர்த்துத் தூக்கினேன், காற்றைத் தூக்கியதுபோல இருந்தது. மூடிகளில் எழுத்து இல்லை. கூடவே ஒரு கல் முத்திரையும் தம்பியின் கடிதமும் இருந்தன. மிட்சுயோ பஸ்ஸில் அதை எனக்கு வாசித்துச் சொன்னார். தம்பி ஏப்ரலில் ஒன்பதாவது கென்பெய் ஆகிறார். பெயர் சூட்டும் விழாவில் நாற்பது கிண்ணங்கள் வைக்க வேண்டும். தம்பியின் கைக்குக் கென்பெய் கிண்ணத்தின் வளைவு வரவில்லை. அக்கா செய்து அனுப்ப வேண்டும். மூடியில் ஒன்பதாவது கென்பெய் என்று அக்காவே எழுதி முத்திரையும் குத்திவிட வேண்டும். பட்டறையை நம்பிப் பதினொரு குடும்பங்கள் இருக்கின்றன.

“எழுதக்கூட அவருக்குக் கை இல்லையோ?” என்றேன்.

“அவன் நல்ல பிள்ளை” என்றார் மிட்சுயோ. எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடலாம் என்று இருந்தது.

ஆனால் செய்யத் தொடங்கிவிட்டார். டிசெம்பர் முழுக்கச் சக்கரம் சுற்றியது. ஆற்றுக்கு நடப்பதும் நின்றுபோனது. சூளையில் இருந்து எடுத்ததில் தனக்குப் பிடிக்காத பாதியைத் தண்ணீர் பீப்பாய்க்குள் போட்டு உடைத்தார், மீதியில் நாற்பதைத் தேர்ந்தார். எனக்குக் கிண்ணத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த நாற்பதில் ஒன்றைக் கையில் எடுத்தால் திரும்பக் கீழே வைக்க மனம் வராது. இதையெல்லாம் பெட்டிக்குள் போட்டு இன்னொருத்தன் பெயரை எழுதப்போகிறாரே என்று நினைக்க நினைக்கக் களிமண்ணை இன்னும் ஓங்கி அமுக்கினேன்.

ஜனவரியில் ஒரு காலை நான் போனபோது மேசை நிறைய மூடிகள். தூரிகையால் எழுதிக்கொண்டிருந்தார். கை கொஞ்சமும் தயங்கவில்லை. எழுதுவது, முத்திரை குத்துவது, ஒதுக்கி வைப்பது. நாற்பது மூடியிலும் ஒரே எழுத்து ஒரே அழகில் கறுப்பாக ஈரமாகக் கிடந்தது.

நான் களிமண்ணைத் தொடவில்லை. கைப்பையில் இருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

அது ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதி கொடுத்த வேலைச் சான்றிதழ். இந்த நாட்டில் ஒரு இடத்தில் வேலை செய்து விலகினால் இப்படி ஒரு தாள் தருவார்கள், அடுத்த இடத்தில் அதைக் காட்டாமல் நிற்க முடியாது. மிட்சுயோவிடம் வருவதற்கு முன் ஒன்றரை வருடம் நான் அங்கே துணி துவைத்தேன். அப்போது எனக்கு வேலை அனுமதி வரவில்லை. என் அறைத்தோழி தில்லைநாயகி அக்காவுக்கு வந்திருந்தது, ஆனால் அவருக்கு முதுகு சரியில்லை. அவருடைய அனுமதி அட்டையோடு நான் போனேன். அங்கே இருந்தவர்களுக்கு எங்கள் எல்லோருடைய முகமும் ஒன்றுதான். ஒன்றரை வருடமும் தில்லைநாயகி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தேன்.

“வாசியுங்கோ” என்றேன். “நம்பிக்கையானவ, துப்புரவானவ, களைக்காமல் வேலை செய்யிறவ. எல்லாம் நான்தான். பெயர் மட்டும் நான் இல்லை. அந்த அக்கா வாசிச்சுப்போட்டு அழுதவ. எனக்கு அழுகை வரேல்லை. உந்தக் கடதாசியைக் கிழிக்கவும் முடியேல்லை, ஒருத்தருக்குக் காட்டவும் முடியேல்லை.”

மிட்சுயோ இரண்டு தரம் வாசித்தார்.

“நான் வேறை வழி இல்லாமல் செய்தனான்” என்றேன். “நீங்கள் ஏன் செய்யிறியள்?”

அவர் தாளை மடித்து என்னிடம் தந்தார். நான் பஸ் நேரத்துக்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் நடந்தேன், தரிப்பிடத்தில் நிற்கும்போது பயம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை பொதி ஆணியடித்துத் தயாராக வாசலில் இருந்தது. நிலையம் வரை கொண்டுபோகப் பக்கத்துப் பண்ணைக்காரர் தன் வான் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். நானும் மிட்சுயோவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். நாற்பது கிண்ணங்களின் பாரத்துக்கு நான் முதுகை வளைத்துத் தூக்கியதில் பொதி என் பக்கம் துள்ளி எழும்பியது. நான் விழப் பார்த்தேன். நவம்பரில் வந்தபோது எந்தக் கனமோ அதே கனம்தான்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் வானின் கதவைப் பார்த்தபடி, “பெயரை எழுதித் தரச் சொன்னவன். எழுதினனான்” என்றார்.

சுங்கத்தில் அதே உத்தியோகத்தர் இருந்தார். உள்ளே என்ன என்று கேட்டார். மிட்சுயோ படிவத்தை வாங்கித் தானே எழுதினார்: ஒன்றுமில்லை.

திரும்பி வந்தபோது அலமாரியில் சீலைக்குக் கீழே நாற்பது கிண்ணங்களும் அப்படியே இருந்தன. எனக்கு வந்த சந்தோசத்தில் அன்றைக்கே இரண்டு நாளுக்கு வேண்டிய களிமண்ணைப் பிசைந்து முடித்தேன். மிட்சுயோவுக்கு அப்படி இல்லை. தன் வீட்டுக்குத் துரோகம் செய்துவிட்டேனோ என்று கேட்டுக் கேட்டு ஆற்றுக்கும் பட்டறைக்குமாக நடந்தார். மார்ச்சில் தம்பியிடம் இருந்து தபாலட்டை வந்தது. இரண்டே வரி: பெட்டிகள் கிடைத்தன. எழுத்து நன்றாக இருக்கிறது.

ஸ்டூக்கி வந்து நாற்பதையும் பார்த்துவிட்டு மலைத்துப்போய்க் கதிரையில் இருந்துவிட்டார். ஆனால் பெயர், பெயர் என்று அதே பாட்டு. மிட்சுயோ அப்போதும் எழுதவில்லை.

மே மாதம் எனக்கு ஆராவ் நகரத்தில் ஒரு மருத்துவமனைச் சமையலறையில் முழுநேர வேலை கிடைக்கும்போல இருந்தது. சான்றிதழ் கேட்டார்கள். அதை மிட்சுயோவிடம் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். அவர் தட்டச்சு இயந்திரத்தைத் தூக்கிவந்து என்னைப் பக்கத்தில் இருத்தினார்.

“உம்முடைய முழுப் பெயரைச் சொல்லும். ஒரு எழுத்தும் பிழைக்கக் கூடாது.”

சொன்னேன். டொச் சரியாக இருக்க வேண்டும் என்று அகராதியைப் புரட்டிப் புரட்டி அடித்தார். பிறகு கீழே கையெழுத்து. வங்கிக் கிறுக்கல் இதற்குச் சரிவராது என்று சொல்லித் தூரிகையை எடுத்தார். எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு ஜப்பான் எழுத்துத் தெரியாது, ஆனால் நாற்பது மூடியில் பார்த்த எழுத்தை மறப்பேனா? கென்பெய் என்று இருந்தது.

தாளைக் கசக்கினார். திரும்ப முழுவதையும் தட்டச்சு செய்தார். இரண்டாவது தாளிலும் பாதிக்கு மேல் கை அந்தப் பக்கமே போனது. மூன்றாவதில் தூரிகை பாதியில் நின்று மை சொட்டியது. நாற்பது மூடியை மூச்சுவிடாமல் எழுதிய கை அது.

நான்காவது தாளில் வேறு எழுத்து வந்தது. சின்னப்பிள்ளை எழுதினதுபோலக் கோணலாக இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு கனநேரம் இருந்தார். எழும்பவில்லை, சக்கரத்தைத் தள்ளவில்லை, மேலங்கியையும் தேடவில்லை.

“இதுவோ உங்கடை பெயர்?” என்று கேட்டேன்.

“ஓம்” என்றார். பிறகு பக்கத்தில் இருந்த தேநீரை எடுத்து, ஆறியதையும் பாராமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.

ஆராவில் அவர்கள் சான்றிதழைக் கேட்டபோது பிரதியைத்தான் கொடுத்தேன். மூலத்தை நான் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.