மூன்று மாதம் பழகிய வித்தை

எனக்கு வாய் நீளம் என்று அம்மா கொழும்பு கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. கோயில் வாசலில், மீன் கடையில், பள்ளிக்கூட வான் வண்டிக்குக் காத்து நிற்கும் இடத்தில், யார் கிடைத்தாலும், "இவளின்ர வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும்" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள், எனக்கும் பெருமையாக இருக்கும். அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா துறைமுகத்துக்கு வேலைக்குப் போய்விட்டால், வீட்டில் சிங்களம் தண்ணீர்பட்ட பாடாகக் கதைக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். மின்சார மீட்டர் பார்க்க வருபவரிலிருந்து காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வரை அம்மாவுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். வாய் நீளமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

அந்த வருடம் அம்மாவின் தம்பி மன்னாரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். இருபத்துநாலு வயது, கல்யாணமாகாதவர். யுத்தம் நடந்த அந்த நாட்களில் பொலிஸ் பிடித்துப்போக அந்த வயதும் அந்த ஊரும் அடையாள அட்டையில் இருந்தாலே போதும், வேறு குற்றம் செய்யத் தேவையில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்ட் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் பொலிஸில் பதிய வேண்டும். அதிகம் நாள் தங்கினால் ஏன், எதற்கு என்று ஆயிரம் கேள்வி வரும். ஆகவே இரண்டு கிழமைக்கு ஒருதரம், பதினாலு நாள் முடிவதற்குள், அப்பா போய், மச்சான் ஊருக்குப் போய்விட்டுக் கண் டொக்டரிடம் காட்ட மறுபடியும் வந்திருக்கிறார் என்று புதிதாகப் பதிந்துவிட்டு வருவார். மாமாவின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. பதிந்த திகதி போட்டுப் பொலிஸ் தரும் துண்டு இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருக்கும். எனக்கும் பாடம் சொல்லித் தந்திருந்தார்கள். யார் கேட்டாலும், "மாமா போன கிழமைதான் வந்தவர்."

வெளியே போகமுடியாத மனிதர் நாள் முழுக்க என்ன செய்வார்? சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடும் கட்டு, முப்பத்திரண்டு சீட்டு. பதினாறு சிவப்பு, பதினாறு கறுப்பு. சிவப்பை ஒரு கையிலும் கறுப்பை மறு கையிலும் விரித்துக் காட்டுவார். பிறகு ஒன்றுக்குள் ஒன்று, ஒரு சிவப்பு ஒரு கறுப்பாக, நம் கண் முன்னாலேயே கலந்து ஒரே கட்டாகத் தள்ளுவார். மேசையில் இரண்டு தட்டுத் தட்டி விரித்தால் சிவப்பு வேறு, கறுப்பு வேறு! முதல் தடவை பார்த்தபோது நான் போட்ட சத்தத்தில் அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள்.

இரகசியம் இவ்வளவுதான். சீட்டுகளை முழுக்கத் தள்ளுவதில்லை. ஒரு நூலளவு கோணலாக விட்டுவிட்டு, மறைத்த கைக்குள் சுண்டுவிரலால் சிவப்பை அப்படியே உருவி எடுத்துவிட வேண்டும். சொல்லச் சுலபம். என் கையில் சீட்டுகள் வீடு முழுக்கச் சிதறும். "எல்லாம் சின்னி விரலிலதான் இருக்கு, பிள்ளை. அவசரப்படாத" என்பார் மாமா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். சீருடையை மாற்றச் சொல்லி அம்மா கத்திக்கொண்டே இருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பொலிஸார் வந்தார்கள். அப்பாவுக்கு அன்றும் துறைமுகத்தில் வேலை. வீதி முழுக்கச் சோதனை. எங்கள் வீட்டுக்குள் ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார், வாசலில் தோளில் துவக்கோடு ஒருவன் நின்றான். அம்மா படத்துக்குப் பின்னாலிருந்து துண்டை எடுத்து நீட்டினாள். பிறகு என்னை முன்னால் தள்ளிவிட்டாள். எனக்கு வேலை வந்துவிட்டது என்ற உற்சாகம்தான்.

யார் இவர்? அம்மாவின் தம்பி. எதற்கு வந்தார்? கண்ணுக்கு மருந்தெடுக்க. எப்போது வந்தார்? போன கிழமை. ஒரு பிசகும் இல்லாமல் சொன்னேன். அவர் மாமாவின் அடையாள அட்டையையும் துண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். அவ்வளவுதான், போகத் திரும்பிவிட்டார். அப்போது அவருடைய கண்ணில் சீட்டுக்கட்டுப் பட்டது.

"துவ, யார் சூது விளையாடுவது?" என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே கேட்டார். துவ என்றால் மகள்.

சூதா? எனக்கு ரோசம் வந்துவிட்டது. இது சூதில்லை, வித்தை, இருங்கள் காட்டுகிறேன் என்றேன். காட்டினேன். ஐயோ, அன்றைக்குப் போல ஒருநாளும் என் விரல் சொன்ன சொல் கேட்டதில்லை. சிவப்பு வேறு, கறுப்பு வேறு. அவர் வாயைப் பிளந்தார். வாசலில் நின்றவனையும் கூப்பிட்டு, இன்னொரு தரம் செய்யச் சொன்னார். செய்தேன். இரண்டு பேரும் கைதட்டினார்கள்.

இதைப் பழக எவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்டார்.

அதற்கு எனக்கு யாரும் பாடம் சொல்லித் தந்திருக்கவில்லை. "மாஸ துனக்" என்றேன். மூன்று மாதம். அது போதாதென்று, அந்தோனியார் திருவிழா முடிந்த அடுத்த நாளிலிருந்து, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், மாமாவோடு என்று கணக்கு வேறு சொன்னேன்.

அம்மாவுக்குச் சிங்களம் மட்டுமட்டு. ஆனால் 'மாஸ துனக்' விளங்காத ஆள் கொழும்பில் இல்லை. இன்ஸ்பெக்டர் துண்டை மறுபடியும் கையில் எடுத்து மெதுவாக வாசித்தார். மாமா அதற்குள் எழுந்து சேட்டை மாட்டிப் பொத்தான் பூட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி..." என்றாள் அம்மா.

"ஒண்டுமில்லை அக்கா. கேட்டுப்போட்டு விட்டிடுவினம்" என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, சீட்டுகளை எண்ணி எடுத்து வை. ஒண்டு குறைஞ்சாலும் வித்தை சரிவராது" என்றார்.

அவரை அவர்கள் கூட்டிக்கொண்டு போக, நான் எண்ணி எடுத்து வைத்தேன். முப்பத்திரண்டும் இருந்தன.

அதன் பிறகு அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு அலைந்தார். வக்கீல், கடிதம், நாளைக்கு வா, திங்கட்கிழமை வா. அம்மா கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்தே போய் மெழுகுதிரி கொளுத்தினாள். நானோ வகுப்பில் எல்லாருக்கும், பொலிஸ்காரரே எனக்குக் கைதட்டினவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம் என்று அம்மா சொல்வது நின்றுபோயிருந்தது. நான் திருந்திவிட்டேன் போலும் என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்து வயதில் அந்தப் படத்தைத் துடைக்க எடுத்தபோதுதான் பின்னாலிருந்த துண்டுகளும் அவற்றின் திகதிகளும் என் கையில் விழுந்தன. அவற்றைத் திகதிப்படி அடுக்கிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே செருகினேன். அம்மாவிடம் கேட்கவும் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் கேட்டதில்லை.

மாமா நாற்பத்தொரு நாள் கழித்து வந்தார். பாதியாகியிருந்தார். கதிரையில் உட்கார்ந்து, வலது கையை உடுத்திருந்த சாரத்தின் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் கட்டோடு ஓடினேன்.

"மாமா, அண்டைக்குப் பொலிஸ் மாமாவுக்கே பிடிபடேல்ல, பாத்தனீங்கள்தானே!"

"ஓம் பிள்ளை. நல்லாச் செய்தனி."

"இப்ப நீங்கள் செய்யுங்கோ."

"இனி நீதான் செய்யவேணும். கட்டை நீயே வச்சுக்கொள்."

கட்டு எனக்கே! அந்தச் சந்தோஷத்தில் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, சிவப்பையும் கறுப்பையும் கலந்து, தட்டி, விரித்துக் காட்டினேன். ஒரு சீட்டும் பிசகவில்லை. மாமா இடது கையால் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினார். வலது கை சாரத்துக்குள்ளேயே இருந்தது. எனக்குச் சரியான கோபம் வந்தது.

"என்ன மாமா, ரெண்டு கையாலயும் ஒழுங்காத் தட்டுங்கோ" என்றேன். "பொலிஸ் மாமா இதைவிட நல்லாத் தட்டினவர்."