புல்லுக்குள் போன காசு

ஆவுடைத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புருஷனோடு திருவனந்தபுரம் வந்து பதினான்கு வருஷம். அதில் ஒன்பது வருஷமாக அங்கே ஒரு கல்யாண மண்டபத்துப் புல்தரை அவள் பொறுப்பு. ஈரப் புல்லில் நாற்காலியை இழுத்தால், மந்திரி வீட்டுக் கல்யாணமென்றாலும் சத்தம் போடுவாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத பந்தல்காரன் ஊரிலேயே கிடையாது. ஆனால் அடுத்தவர் பொருள் ஒரு குண்டூசியைக்கூடத் தொட்டதில்லை. அப்பேர்ப்பட்டவளைத்தான் அன்று காலை பத்துப் பேர் முன்னால் கள்ளி என்றார்கள்.

முந்தின நாள் ஸ்ரீவராகத்துப் பத்மஜா மாமியின் மகள் ஸ்நேகாவுக்கு வரவேற்பு. மழை தூறி ஓய்ந்த நேரம். புல்தரையில் நின்று படம் எடுக்கையில் பரம்பரைக் காசுமாலை அறுந்து சிதறிவிட்டது. பொறுக்கியதில் ஒரு தங்கக் காசு மட்டும் குறைந்தது. விடிந்ததும் அங்கே பெருக்கியவள் ஆவுடைத்தாய் ஒருத்திதானே, வேறு யார் தலையில் விழும்? மாமி அவளைக் கள்ளி என்று சொல்லியே விட்டாள். மத்தியானத்துக்குள் காசு வரவில்லையென்றால் போலீஸுக்குப் போவதாக மண்டப மானேஜர் ஷிபின் சொன்னார்.

நல்லவேளையாக ஸ்நேகாவுக்கு ஒரு யோசனை வந்தது. சங்குமுகம் கடற்கரையில் தொலைந்த மோதிரங்களைத் தேடிக் கொடுக்கும் அஜினை, மெட்டல் டிடெக்டரோடு வரவழைத்தாள். அவன் கருவியை ஆட்டி ஆட்டி நடந்தான். சோடா மூடி கிடைத்தது, பந்தல் ஆணி கிடைத்தது, கொண்டை ஊசி கிடைத்தது. காசு மட்டும் இல்லை. மணி பதினொன்றைத் தாண்டியது.

அவள் காலருகே வந்ததும் கருவி கத்தியது.

எல்லாரும் அவள் பாதத்தையே பார்த்தார்கள். காலைத் தூக்கச் சொன்னாள் மாமி. தூக்கினாள். அடியில் வெறும் புல்தான். விரலில் வெள்ளி மெட்டி. அதற்குத்தான் கத்தியது என்று அஜின் சிரித்து, அவளை நகரச் சொல்லிவிட்டு மறுபடி கருவியை ஓட்டினான். இப்போதும் அதே இடத்தில் கத்தியது. அவன் சிரிப்பு நின்றுபோனது. "காலுக்கடியில வச்சிட்டுத்தான் நின்னிருக்கா" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். பாவி மனுஷர்கள்!

இரண்டு விரல் ஆழம்தான் என்றான் அஜின். ஷிபின் மண்வெட்டியோடு வந்தார். ஆவுடைத்தாய் குறுக்கே போய் நின்றாள்.

"வெட்டாதீங்க சாரே. மண்ணு கலைஞ்சா நான் எடுக்கலன்னு சொல்றதுக்கு எனக்கு வேற சாட்சி இல்ல."

யாருக்கும் புரியவில்லை. அஜின் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினான். இரும்பு பட்டால் தங்கம் கீறிவிடும் என்று அதையும் தள்ளிவிட்டு, துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினாள். மண்ணில் மெல்லக் குத்திப் பார்த்தாள். மூன்றாவது குத்தில் ஏதோ தட்டியது. காசைச் சுற்றி ஒரு சாண் தள்ளி, புல்லை மூன்று பக்கம் மட்டும் இடுப்பில் செருகியிருந்த புல்வெட்டும் கத்தியால் அறுத்தாள். நாலாவது பக்கத்தை விட்டுவிட்டு, புத்தகத்தைத் திறக்கிற மாதிரி வேரோடு புரட்டினாள்.

"தொடாம பாருங்க மாமி."

மாமி குனிந்தாள். புல்லின் மேலிருந்து நேராக இறங்கிய விரல் பருமன் குழி ஒன்று, சேறு அடைத்துக் கிடந்தது. அதன் அடியில் காசின் விளிம்பு. கையால் தோண்டியிருந்தால் சுற்றிலும் வேர் பிய்ந்திருக்கும். குழியைச் சுற்றி ஒரு வேர்கூட அறவில்லை. ஸ்நேகா நேற்றுப் போட்டிருந்த ஹீல்ஸை எடுத்து வந்து, புல்லின் மேல்பக்கம் குழியில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாக இறங்கியது. காசை மிதித்து இறக்கியது தன் குதிகால்தான் என்று அவள் முகம் சிவந்துவிட்டது.

காசை எடுத்து, தேய்க்காமல் தண்ணீர் விட்டே கழுவினான் அஜின். காசில் பொறித்த லட்சுமி கீறல் இல்லாமல் தெரிந்தாள். ஆவுடைத்தாய் புல்லைத் திருப்பி மூடி, உள்ளங்கையால் அழுத்தி, நீர் தெளித்தாள். அறுத்த இடம் தெரியவில்லை. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐந்நூறு ரூபாய் நோட்டை அவள் கையில் திணிக்கப் பார்த்தாள்.

"பைசா வேண்டாம் மாமி. கள்ளின்னு சொன்னப்போ இத்தன பேரும் கேட்டாங்க. இல்லைன்னு சொல்றதையும் இத்தன பேரும் கேக்கட்டும்."

மாமி தரையைப் பார்த்து ஏதோ முனகினாள்.

"எனக்கே கேக்கல."

மாமி நிமிர்ந்தாள். சமையல்காரர்கள், பந்தல்காரர்கள், ஷிபின் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இவ எடுக்கல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

காலையிலிருந்து நெஞ்சில் அடக்கி வைத்திருந்த அழுகை ஆவுடைத்தாய்க்கு அப்போதுதான் வந்தது. அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள்.